ஸ்கோர் தெரியாத செயலாளர்

ஆலைத் தொழிற்சங்கச் செயலாளர் வேலைக்கு மூன்று தகுதிகள் போதும்: நல்ல தொண்டை, நல்ல செருப்பு, பிடிக்காததைப் பிடிக்காது என்று முகத்துக்கு நேராகச் சொல்லும் துணிச்சல். மூன்றும் என்னிடம் குறைவில்லாமல் இருந்தன. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மூன்றாவது கைவிட்டுவிட்டது.

மதுரையில் ஒரு நூற்பாலையில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதில் பத்தொன்பது ஆண்டுகள் செயலாளர். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. மீதிப் படிப்பெல்லாம் துண்டறிக்கைகளில்தான். ஆகவே துண்டறிக்கை முறைப்படி, எனக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை வரிசை மாறாமல் முதலில் எழுதிவிடுகிறேன்.

ஒன்று. நான்காம் வகுப்பில், பந்து பிடிக்கத் தெரியாதவன் என்று டிரில் வாத்தியார் என்னை எல்லைக்கல்லாக நிறுத்தினார். மைதானத்தில் கல் தட்டுப்பாடு. ஆட்டம் முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். கல்லை எடுக்க மறந்துவிட்டார்கள்.

இரண்டு. பெண் பார்க்கப் போன வீட்டில், பெண்ணின் அண்ணன் என் சம்பளத்தைக் கேட்கவில்லை, குணத்தைக் கேட்கவில்லை. "மாப்ள பேட்டிங்கா, பவுலிங்கா?" என்றுதான் கேட்டார். "ரெண்டும்" என்றேன். அந்தப் பொய்யின் மேல்தான் என் குடும்பம் இன்றுவரை நிற்கிறது.

மூன்று. மறியல் செய்து பதினொரு நாள் உள்ளே இருந்தேன். அங்கேயும் சாயங்காலம் வாலிபால். ஆள் குறைகிறது என்று வார்டர் வந்து என்னை எழுப்பிக்கொண்டு போனார். சிறைக் கொடுமைகள் பற்றி எத்தனையோ துண்டறிக்கைகள் படித்திருந்தேன். ஒன்றில்கூட வாலிபால் பற்றி எச்சரிக்கை இல்லை.

நான்கு. தொண்ணூறுகளின் நடுவில், எங்கள் ஆலையின் ஓய்வறைக்கு ஒரு கலர் டிவி வந்தது.

இந்த நான்காவதைப் பற்றித்தான் இனி எழுதப் போகிறேன். "அண்ணே, ஸ்கோர் என்ன?" என்று யாராவது கேட்டால் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிகிற ஆண்கள் இதைப் படிப்பவர்களில் சிலராவது இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். வெளியே சொல்ல வேண்டாம், படித்துவிட்டு மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்காத கோரிக்கை

அந்த ஓய்வறை சும்மா வந்ததல்ல. முப்பத்தொரு நாள் வேலைநிறுத்தம் செய்து வாங்கியது. எட்டு மணி நேரம் மெஷின் இரைச்சலில் நிற்கிறவனுக்கு நடுவில் அரை மணி நேரம் காது ஓய வேண்டும் என்பதுதான் எங்கள் வாதம். கழிவுப் பஞ்சைத் தலைக்கு வைத்து, சிலர் தூங்குவார்கள். நான் துண்டறிக்கை படிப்பேன். நான் படித்த பல்கலைக்கழகம் அந்த அறைதான்.

பிறகொரு தடவை பதினான்கு கோரிக்கைகள் வைத்தோம். நிர்வாகம் பதினான்கையும் மறுத்துவிட்டு, நாங்கள் கேட்காத பதினைந்தாவதைக் கொடுத்தது. கேபிள் இணைப்போடு கலர் டிவி. அன்றிலிருந்து அறையில் யாரும் தூங்கவில்லை. ஒரு பந்துக்கு ஒரு கூச்சல். இந்தச் சூழ்ச்சியை அம்பலப்படுத்த ஆலை வாசலில் கூட்டம் போட்டேன். நாற்காலியில் ஏறி "நிர்வாகமே" என்று தொடங்கினேன். வழக்கமாக நானூறு தொண்டைகள் எதிரொலிக்கும். அன்று எதிரே ஒரு சைக்கிள் நின்றது, அதற்கும் ஸ்டாண்டு சரியில்லை. ஓய்வறைக்குள் போய், சங்கம் அழைக்கிறது என்றேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒருவர் கையை மட்டும் உயர்த்தினார்.

"ரெண்டு ஓவர் பொறுங்கண்ணே, முடிஞ்சதும் வந்து ஒழிக சொல்லிர்றோம்."

நான்கு ஆண்டு உழைத்த வாக்கியம்

அப்போதே எனக்கு இது பிடிக்காது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. லத்திக்கு முதுகு காட்டாதவன் நான். ஆனால், "ஆம்பளையாண்ணே நீங்க?" என்று ஸ்பின்னிங் பகுதி மொக்கச்சாமி ஒரு பார்வை பார்ப்பான் பாருங்கள், அதற்கு என்னிடம் கேடயம் இல்லை.

மொக்கச்சாமியைச் சொல்லிவிட வேண்டும். டி. கல்லுப்பட்டிப் பக்கத்துக்காரன். கதவு நிலைக்குள் குனிந்து நுழைகிற உயரம். அந்த உயரத்துக்குத் தகுந்த மீசை. ஆலைக் கபடிக் குழுவின் தலைவன். அவன் ஊரில் அவன் பாடிக்கொண்டு போனால் எதிரணி ஏழு பேரும் தாங்களாகவே வெளியே போய்விடுவார்களாம். அவனே சொல்லித்தான் தெரியும். இடது காதில் எப்போதும் ஒரு டிரான்சிஸ்டர். ஓய்வறையில் டிவி ஓடும்போதும் டிரான்சிஸ்டரைக் காதிலிருந்து எடுக்க மாட்டான். இரண்டிலும் கேட்டால்தான் அவனுக்கு ஆட்டம் பிடிபடுமாம். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் வருகை பதிகிற டைம் ஆபீஸ் டோக்கன் எண் கேட்கும். இவன், "என்ன வெளையாட்டு மாப்ள தெரியும்?" என்று கேட்பான். தெரியாது என்றவனை ஒரு மாதத்துக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டான். "ஏய், சும்மா" என்பான்.

ஆகவே நான் வேலைக்கு வருகிற வழியில் காளவாசல் டீக்கடையில் நின்று, அங்கே பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டு, ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டேன். "பந்து சரியா எழும்பலப்பா." ஜெயித்தாலும் தோற்றாலும், பகல் ஆட்டமானாலும் ராத்திரி ஆட்டமானாலும் இந்த ஒன்றைச் சொல்லி, தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். நான்கு ஆண்டுகள் அந்த வாக்கியம் எனக்காக மாடாக உழைத்தது. செயலாளருக்கு ஆட்டத்தில் அபார ஞானம் என்று பேர்கூட வந்தது. ஒருநாள் கேன்டீனில் கூட்டமாக நின்று எதையோ காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தவர்களிடம் போய், வழக்கம்போல முகத்தைச் சுருக்கிக்கொண்டு, பந்து சரியாக எழும்பவில்லை என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் ஒருவர்தான் மரியாதையாகச் சொன்னார்.

"அண்ணே, நாங்க கேரம் போர்டு பேசிக்கிட்டு இருக்கோம்."

சமரசப் பேச்சு

நூலைக் கூம்பில் சுற்றுகிற கோன் வைண்டிங் பகுதியில் காற்றாடி இல்லாமல் பஞ்சுத் தூசியில் மூச்சு முட்டுகிறது என்று அரசாங்க அதிகாரி முன்னிலையில் சமரசப் பேச்சுக்குப் போனோம். அதிகாரியின் பெயர் வேண்டாம், ஓய்வு பெற்றுவிட்டார். நாற்பது நிமிடம் பேசினேன். தொழிற்சாலைச் சட்டம், நுரையீரல், காற்றோட்டம் என்று ஒன்று விடவில்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு செவியை நான் பார்த்ததில்லை. நான் குரலை உயர்த்தும்போது அவர் நெற்றியைச் சுளித்தார். நான் தழுதழுத்தபோது கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கட்டத்தில் மேஜையைத் தட்டி, "அநியாயம்" என்றார். நிர்வாகத் தரப்பு வக்கீல் பயந்தே போய்விட்டார். நூறு ஆண்டுப் போராட்ட வரலாற்றில் ஓர் அதிகாரி வர்க்க உணர்வு பெறுவதை நான் நேரில் பார்க்கிறேன் என்று நினைத்தேன்.

பேச்சை முடித்து உட்கார்ந்தேன். அதிகாரி ஒரு பெருமூச்சு விட்டு, காதை மூடிய தலைமுடிக்குள்ளிருந்து ஒரு சிறு ஒயரை உருவி, மேஜை டிராயருக்குள் போட்டார். பிறகு இரு தரப்பையும் மாறி மாறிப் பார்த்துச் சொன்னார்.

"என்ன இருந்தாலும் அந்தப் பயலை நாலாவதா இறக்கியிருக்கக் கூடாதுங்க."

உண்ணாவிரதம்

காற்றாடி வராததால் ஆலை வாசலில் ஒருநாள் உண்ணாவிரதம் அறிவித்தோம். "வெற்றி கிடைக்கும் வரை ஓயமாட்டோம்" என்று பெரிய தட்டி. நாங்கள் குறித்த தேதியில்தான் ஏதோ ஒரு முக்கியமான இறுதி ஆட்டமாம். பத்து மணிக்கு மேல் அந்த வழியாகப் போனவர்கள் எல்லாரும் நின்று கும்பிட்டார்கள். ஒருவர் மாட்டுத்தாவணியில் வாங்கிப் போய்க்கொண்டிருந்த பூச்சரத்திலிருந்து முழம் முழமாக அறுத்து எங்கள் கழுத்தில் போட்டார். இன்னொருவர் எங்கள் நெற்றியில் விபூதி பூசினார். நான் நாத்திகன். இருந்தாலும் பொதுமக்கள் ஆதரவு என்று பொறுத்துக்கொண்டேன். எங்கள் காற்றாடிக்காக மதுரையே கண்ணீர் விடுகிறதே என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது நினைவிருக்கிறது.

மூன்றரை மணி வாக்கில் தெருவில் சரவெடி வெடித்தது. எதிர்க்கடை மோர்க்காரர் ஒரு குடம் மோரோடு ஓடி வந்து, நான் தடுக்கத் தடுக்க என் வாயில் டம்ளரை வைத்தார். அவர் கண்ணில் தண்ணீர்.

"உங்க விரதம் வீண் போகலண்ணே. ஜெயிச்சாச்சு, எந்திரிச்சு சாப்பிடுங்க."

பழகின காது

ஒரு மே தினத்தன்று ஊர்வலம் கிளம்பும் நேரத்தில் கைமைக்கின் பாட்டரி தீர்ந்துவிட்டது. பக்கத்தில் மொக்கச்சாமி. வழக்கம்போல டிரான்சிஸ்டரைக் காதில் வைத்து, "அடடா, விட்டுட்டான்யா" என்று அங்கலாய்த்துக்கொண்டிருந்தான். ஊர்வலம் முடியும் வரை உன் பாட்டரியைக் கொடு என்று கேட்டேன். இல்லை என்று சொல்ல அவனுக்கு நேரமில்லை, அதற்குள் நான் பின்மூடியைத் திறந்துவிட்டேன். உள்ளே பாட்டரி இல்லை. கொட்டைப்பாக்கு இரண்டும் ஒரு மூக்குப்பொடி மட்டையும் இருந்தன.

இருவரும் அதைப் பார்த்தோம். இத்தனை தூரம் ஆட்டத்தில் ஊறிவிட்ட ஒரு மனிதனா என்று எனக்கு மலைப்பாக இருந்தது. கபடிப் போட்டியில் அவனுக்கு வருடா வருடம் சரியாக அன்றைக்கே முழங்கால் பிடித்துக்கொள்வதையும், அதனால் விசில் ஊதுவதோடு நின்றுகொள்வதையும் அப்போது நான் இதோடு சேர்த்து யோசிக்கவில்லை. செயலாளர்களுக்கு நிர்வாகத்தின் சூழ்ச்சிதான் உடனே தெரியும். சொந்த ஆட்களுடையது தெரியாது. மொக்கச்சாமி மூடியை வாங்கி மாட்டினான். திரும்பக் காதில் வைத்துக்கொண்டு சொன்னான்.

"பழகின காதுக்குப் பாட்டரி எதுக்குண்ணே?"

இரண்டு மொழி

கோன் வைண்டிங் சாந்தாராம் சௌராஷ்டிரர். அப்பா வரை எல்லாரும் நெசவு. இவர்தான் ஆலைக்கு வந்த முதல் ஆள். அதிராத மனிதர். ஒருநாள் என்னைச் சைக்கிள் நிறுத்துமிடத்துக்குத் தனியாக அழைத்துப் போனார். அக்கம்பக்கம் பார்த்தார். இயக்கத்தில் இத்தனை ஆண்டுகள் இருந்தவன் என்பதால், நிர்வாகத்தின் ரகசிய ஆவணம் ஏதோ கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்து மேல்சட்டைப் பையைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

"காதுக்குள்ள எந்நேரமும் மெஷின் ஓடுதுண்ணே. ஆஸ்பத்திரியில காட்டினேன். பகல்ல அரை மணி நேரம் சத்தமில்லாம படுங்கன்னாங்க. ரெஸ்ட் ரூம்ல எங்கண்ணே படுக்க?" என்றார். டிவியை நிறுத்தச் சொல்லிக் கேட்கலாமே என்றேன். கேட்டாராம். "ஏய், சும்மா" என்றானாம் மொக்கச்சாமி. உங்களுக்கு விளையாட்டே பிடிக்காதா என்று கேட்டேன். நான் அப்படிக் கேட்டது ஒரு பாதிரியார் இன்னொரு பாதிரியாரிடம் கேட்கிற மாதிரி இருந்தது. ஆனால் என் தரப்பை நான் சொல்லவில்லை. சாந்தாராம் குரலை இன்னும் தாழ்த்தினார்.

"வீட்டுல எங்க பாஷையில பிடிக்காதுன்னு சொல்லிருவேண்ணே. மில்லுல தமிழ்ல சொல்றதுக்குத்தான் தைரியம் வர மாட்டேங்குது."

ஒன்பதாவது ஷரத்து

அவருடைய காதுக்காகக் கேட்டேன். நிர்வாகத்தின் லேபர் ஆபீசரிடம் போய், ஓய்வறைக்குப் பின்னால் சும்மா கிடக்கிற, முன்பு நூல் மூட்டைகள் அடுக்கிய பழைய சிப்ப அறையைச் சத்தமில்லாத அறையாக ஒதுக்க வேண்டும் என்றேன். எனக்காக அல்ல, உறுப்பினர்களுக்காக என்று இரண்டு தடவை அழுத்திச் சொன்னேன். ஆபீசர் சிரித்தார். "செயலாளர், ஆம்பளைங்க வேலை பாக்குற மில்லு இது. வெளையாட்டு பிடிக்காதவன் ஒருத்தன் இருக்கான்னு காட்டுங்க. ஒரே ஒருத்தன். நாளைக்கே ரூமைத் தாரேன்" என்றார். எழுதி வாங்கிக்கொண்டேன். ஒருவன் என்ன, நாற்பது பேரைக் காட்டுகிறேன் என்று சவால் விட்டேன். பிடிக்காதவர்கள் பெயரைச் சீட்டில் எழுதிப் புகார்ப் பெட்டியில் போடலாம், ரகசியம் காக்கப்படும் என்று அன்றே துண்டறிக்கை அடித்து விநியோகித்தேன்.

இங்கேதான் என் மூளை என்னைக் கைவிட்டது. புகார்ப் பெட்டி விதியே நான் போராடி வாங்கியது. முன்பெல்லாம் பெட்டியில் விழும் சீட்டுகளை எடுத்துக் கேன்டீன் அடுப்புப் பற்றவைத்தார்கள். அதை எதிர்த்துப் போராடி, ஒப்பந்தத்தில் ஒன்பதாவது ஷரத்தைச் சேர்த்தேன்: பெயர் இல்லாத சீட்டு செல்லாது, ஒவ்வொரு சீட்டும் இரு தரப்பிலும் மும்மூன்று சாட்சிகள் முன்னிலையில் கேன்டீனில் உரக்க வாசிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு மகாசபையிலும் இந்தச் சாதனையை நான் பேசிய பேச்சில், ஆலையில் குழந்தைத் தொழிலாளி ஒருவன் இருந்தால் அவனுக்கும் தெரிந்திருக்கும். எனக்குத்தான் அந்த நேரத்தில் மறந்துவிட்டது. லேபர் ஆபீசருக்கு மறக்கவில்லை. ஒப்பந்த நகலை என் முன்னால் பிரித்து வைத்து, ஒன்பதாவது ஷரத்தைப் பென்சிலால் தட்டினார். திருத்தலாம் என்றால், என் சாதனையை நானே கிழிக்க வேண்டும். வாசிக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். சாந்தாராமிடம் சொன்னேன். அவர் காதைத் தடவிக்கொண்டார்.

அன்று மாலை மொக்கச்சாமி என்னை வழிமறித்தான். "பேரை உரக்கத்தான் வாசிப்பாங்களாண்ணே?" என்றான். ஆமாம் என்றேன். "எல்லாரும் இருப்பாங்களா?" ஆமாம், நீயும் சங்கத் தரப்புச் சாட்சிகளில் ஒருவன் என்றேன். எவனெவன் பெயர் வருகிறது என்று பார்த்து ஆயுளுக்கும் கேலி செய்யத்தான் கேட்கிறான் என்று எரிச்சலாக இருந்தது. அவன் மீசையைக் கொஞ்ச நேரம் முறுக்கினான்.

"அப்பச் சரிண்ணே."

பெட்டி திறந்த நாள்

இனி நடந்ததையும் வரிசை மாறாமல் சொல்கிறேன். என் சீட்டை நான் எழுதிவிட்டேன். நல்ல கையெழுத்து, தட்டிகள் எழுதிப் பழகிய கை. மடித்து எடுத்துக்கொண்டு பெட்டியிடம் மூன்று தடவை போனேன். முதல் தடவை, பக்கத்தில் யாரோ தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை, ஒருவர் "அண்ணே, ஸ்கோர் என்ன?" என்று கேட்டார், பந்து சரியாக எழும்பவில்லை என்று சொல்லித் திரும்பிவிட்டேன். மூன்றாம் தடவை அங்கே யாருமே இல்லை. அப்போது எனக்கு ஒரு கொள்கை தோன்றியது: செயலாளர் என்பவன் பிறருக்காகக் கேட்க வேண்டியவன், தனக்காகக் கேட்கக் கூடாது. நல்ல கொள்கை. அதைச் சட்டைப் பையில், சீட்டோடு சேர்த்து வைத்துக்கொண்டேன். எப்படியும் நாற்பது பேர் போடுவார்கள், நம்முடையது எதற்கு என்றும் இருந்தது.

சாப்பாட்டு நேரம். கேன்டீன் நிரம்பி, ஜன்னல்களிலும் தலைகள். அன்று ஓய்வறை டிவி முன்னால் ஒரு ஆள்கூட இல்லை, அது தன்பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது. ஆறு சாட்சிகளும் வரிசையாக நின்றார்கள். கடைசியில் மொக்கச்சாமி, காதில் டிரான்சிஸ்டரோடு. லேபர் ஆபீசர் பெட்டியைத் தூக்கிக் குலுக்கினார். நாற்பது பேர் இருக்கிற பெட்டியின் சத்தம் அதில் இல்லை.

முதல் சீட்டு: சாம்பாரில் பருப்பு இல்லை. சிரித்தார்கள். இரண்டாவது: இந்தியா ஜெயிக்கும். கைதட்டினார்கள். இரண்டிலும் பெயர் இல்லை, செல்லாது. பிறகு பெட்டியில் ஒரே ஒரு சீட்டு. சாந்தாராமைத் தேடினேன். தூண் ஓரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், போடவில்லை என்று அந்த நிற்பே சொன்னது. என் கை சட்டைப் பைக்குப் போனது. அதற்குள் ஆபீசர் சீட்டைப் பிரித்துவிட்டார். மனதுக்குள் ஒரு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். சாட்சி வரிசையின் கடைசியில், நான் பார்த்து முதல் தடவையாக, ஒரு டிரான்சிஸ்டர் காதிலிருந்து கீழே இறங்கியது.

"எழுதியிருக்கிறதை அப்படியே வாசிக்கிறேன்" என்றார் ஆபீசர். "எனக்குக் கிரிக்கெட் பிடிக்காது. கபடி ஆடத் தெரியாது. டிவி வந்த நாள்லேருந்து தூக்கம் வருது."

ஆகவே தோழர்களே, லத்திக்கும் சிறைக்கும் அஞ்சாத ஒரு செயலாளர் தன் சீட்டைப் பையிலேயே வைத்துப் பொத்திக்கொண்டு நின்ற அந்தக் கேன்டீனில், சத்தமில்லாத அறையை எங்களுக்கு வாங்கித் தந்து, ஒன்பதாவது ஷரத்தின்படி ஆறு சாட்சிகள் முன்னிலையில் உரக்க வாசிக்கப்பட்ட ஒரே பெயர்: ஸ்பின்னிங் பகுதி, கபடிக் குழுத் தலைவர், மொக்கச்சாமி.